பக்கத்து வரிசைக் குரல்

பெரிஸ் மில், ஜார்ஜியா
8 பிப்ரவரி 1948

அன்புத் தங்கச்சி லூவீனியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். இந்த நாலு வரி உன் கைக்கு வரும்போது நீயும் ராய்ஸும் உன் வயிற்றில் இருக்கிறவரும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நானும் அவளும் குழந்தைக்கு ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் நீலச் சட்டை, என் கிழிந்த பச்சைப் பாவாடை, பக்கத்து வீட்டு எர்லீன் கொடுத்த மஞ்சள் துணி எல்லாம் அதில் இருக்கிறது. இது குழந்தைக்கு. நீ போர்த்திக்கொண்டு தூங்கினால் எனக்குத் தெரிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் நடந்ததைக் கேள். புதுப் போதகரின் மனைவி அட்லாண்டாவில் காலேஜ் படித்தவள். பாவம், ஜெபம் முடிந்ததும் எழுந்து நம் சபைப் பெரியவர் டீக்கன் ஹபர்ட்டின் பாட்டை எடுத்துவிட்டாள்! அவரோ முதல் பெஞ்சில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். டீக்கன் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "அம்மா, நான் இன்னும் சாகலையே. இங்கதான இருக்கேன்" என்றார்.

நம் சபையில் ஆளுக்கு ஒரு பாட்டு, ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுப்பது அவரைச் சவப்பெட்டியில் வைத்த பிறகுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா வீடு வந்து சேரும்வரை சிரித்தாள். ஆனால் அதற்கு முன்பு தன் பாட்டை எடுத்தாள் பார், அதே வார்த்தையில்லாத முனகல்தான், பிறந்ததிலிருந்து கேட்கிற எனக்கே உடம்பு சிலிர்த்தது.

உங்கள் ஊரில் காஸ்பல் பாட்டு என்று புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறதாம். பியானோவை சாராயக்கடையில் அடிப்பதுபோல அடிக்கிறார்களாம். காஸ்பல் என்றால் நற்செய்தி. "நல்ல சேதி சொல்றதுக்கு எதுக்குடி இவ்வளவு குதிப்பு?" என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் அக்கா,
ஓஸெல்லா


சிகாகோ
22 பிப்ரவரி 1948

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். ஹோஸி அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

டீக்கன் கதையை ராய்ஸுக்குப் படித்துக் காட்டினேன். மாடு அறுக்கும் ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் வெட்டிவிட்டு வந்த மனுஷன், இருமல் வரும்வரை சிரித்தார். இங்கே ஒரே அறையில்தான் சமையலும் படுக்கையும். ஜன்னலில் உள்பக்கமாகப் பனி உறைகிறது. ஆனால் ஞாயிறு வந்தால் எல்லாம் மறந்துபோகும்.

அம்மாவிடம் சொல்: குதிப்பு பியானோவிலிருந்து வரவில்லை. எங்கள் சபையில் இருப்பவர்கள் எல்லாம் மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியாவிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள். பெரிய சபைகளில் புத்தகத்தைப் பார்த்து விறைப்பாக நின்று பாடுவார்கள். நம் பாட்டு அவர்களுக்குப் பருத்திக்காட்டுச் சத்தம். எங்கள் பாடகர் குழுவை நடத்தும் மிஸ் லோகன், யாராவது புத்தகத்தைத் திறந்தால் பிடுங்கிவிடுவாள். "பேப்பர்ல என்னத்தப் பாக்குற? உன் ஊரப் பாரு!" என்பாள். நற்செய்தி பற்றிக் கேட்டேன். "கெட்ட சேதி கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவனுக்குத்தான் நல்ல சேதி வேணும்" என்றாள்.

ஞாயிறு சாயங்கால ஆராதனை ரேடியோவில் போகிறது. இருட்டிய பிறகு உங்கள் ஊர் வரைக்கும் எட்டுமாம். நான் மூன்றாவது வரிசையில் நிற்கிறேன், அங்கியின் பொத்தான் வயிற்றில் பூட்டவில்லை. ஆர்கன் ஆரம்பித்ததும் உள்ளே இருப்பவர் உதைக்கிறார். பாடகர்தான் பிறக்கப்போகிறார். மார்ச் கடைசி என்கிறார்கள்.

அம்மாவை எனக்காக முட்டிபோடச் சொல். வேண்டாம், முழங்கால் வலி. உட்கார்ந்தே ஜெபிக்கட்டும்.

அன்புள்ள,
லூவீனியா


பெரிஸ் மில்
11 ஏப்ரல் 1948

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா, இல்லையா? ஒரு வரிகூடக் காணோமே! மார்ச் முடிந்து ஏப்ரலும் பாதியாகப் போகிறது. போர்வையை எர்லீனின் மருமகனிடம் கொடுத்தனுப்பினேன். வந்ததா? குழந்தை வந்ததா? அம்மா தினமும் தபால்பெட்டி வரை நடந்து போய் வருகிறாள். வலிக்கிறது என்று சொன்ன முழங்கால் எங்கே போனதோ தெரியவில்லை.

குழந்தை பிறந்ததும் தாய்க்கு எழுத நேரம் இருக்காது, எனக்குத் தெரியும். ராய்ஸையாவது எழுதச் சொல். அவன் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தாலும் படித்துக்கொள்கிறேன்.

ஓஸெல்லா


சிகாகோ
25 ஏப்ரல் 1948

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

பையன்தான். மார்ச் பத்தொன்பதாம் தேதி, சொன்ன நாளுக்கு முன்னாலேயே பிறந்தான். எஸ்ரா என்று அப்பாவின் பெயரையே வைத்தோம். தலை நிறைய முடி.

போர்வை பத்திரமாக வந்து சேர்ந்தது. அப்பாவின் சட்டையை அடையாளம் கண்டுகொண்டேன். மிக அழகாகத் தைத்திருக்கிறீர்கள்.

நான் லாண்டரி வேலைக்குத் திரும்பிவிட்டேன். இங்கே இன்னும் குளிர்தான். சபைக்குத் தவறாமல் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

லூவீனியா


பெரிஸ் மில்
9 மே 1948

அன்பான எஸ்ராவின் அம்மாவுக்கு,

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! நாங்கள் சுகத்துக்கு மேல் சுகம். உன் கடிதம் வந்த அன்றே நான் சபை முழுக்கச் சொல்லிவிட்டேன். போதகர் மேடையிலிருந்தே எஸ்ராவின் பெயரைச் சொன்னார். ஹோஸி வேலி கட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "எஸ்ரா, எஸ்ரா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நீ எழுதியிருக்கிறாயே ஒரு கடிதம், தந்தியே தேவலை! யார் ஜாடை? நம் மூக்கா, ராய்ஸ் மூக்கா? ராத்திரி தூங்குகிறானா? பால் போதுகிறதா? நீ வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா என்னை மூன்று தரம் படிக்கச் சொன்னாள்.

"அழுறானான்னு எழுதியிருக்காளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"சிரிக்கிறானான்னு?"

"அதுக்குள்ள எப்படிம்மா சிரிப்பான்?"

அம்மா எழுந்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேர்க்கடலைக் கொல்லைக்குப் போய்விட்டாள். வயதாகிவிட்டது, பேரனை நினைத்து மனசு இளகுகிறது போல.

எர்லீன் வீட்டில் பேட்டரி ரேடியோ வாங்கியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசி ஞாயிறு எல்லோரும் அங்கே போய் உங்கள் ஆராதனையைக் கேட்கப் போகிறோம். எங்களுக்காகச் சத்தமாகப் பாடு.

எஸ்ராவின் பெரியம்மா,
ஓஸெல்லா


பெரிஸ் மில்
2 ஜூன் 1948

லூவீனியாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனசில்லை. ஆனாலும் வழக்கத்தை விடக்கூடாது. நாங்கள் சுகம், நீயும் சுகமாக இரு. இப்போது கேள்.

ஞாயிறு இருட்டியதும் எர்லீன் வீட்டில் இருபது பேர் கூடினோம். அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. உங்கள் பியானோ, ஆர்கன், கைதட்டல் எல்லாம் கேட்டது. அப்புறம் ஒரு குரல் தனியாக வந்தது. உன் குரல்தான் என்று நான் கையைத் தட்டினேன். தட்டின கை அப்படியே நின்றுவிட்டது. நீ எடுத்தது அம்மாவின் பாட்டு! உயிரோடு உட்கார்ந்திருக்கிறவள் முன்னால், அவள் பாட்டை, ஊர் உலகத்துக்கே கேட்கும்படி!

யாரும் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. நீ முடிக்கும்வரை அவள் அசையவில்லை. முடித்ததும் எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

இது போதாதென்று திங்கட்கிழமை காலை. அம்மா முற்றத்தில் இரும்புக் கொப்பரையில் துணி வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து ஊர் சீடர் குரோவிலிருந்து நம் ரூபன் மாமாவின் லாரி வந்து நிற்கிறது. ஏழெட்டுப் பேர் கறுப்பு உடுப்பில் இறங்குகிறார்கள். கையில் பொரித்த கோழி, பன்றித் தொடை, ஐவரி அத்தை செய்த வெண்ணெய்க் கேக். ஐவரி அத்தை அழுதுகொண்டே வந்தவள் கொப்பரைக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்ததும் கேக்கைக் கீழே போடப் பார்த்தாள்.

அம்மா கேட்டாள், "என்னடி இது, யாரு செத்தது?"

ரூபன் மாமா தொப்பியைக் கையில் பிசைந்தார். "நீதான் டெம்பி."

"எப்ப?"

"நேத்து ராத்திரி ரேடியோல லூவீ உன் பாட்டப் பாடினா. வேற எதுக்குப் பாடப்போறான்னு..."

வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பார்கள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, சாவு வீட்டுக்கு வந்தவங்க சாப்பிடாம போகக்கூடாது. உக்காருங்க" என்றாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். சிரிக்கவும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இன்று புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அம்மாவின் முறை வந்தது. டீக்கன் காத்திருந்தார். சபை காத்திருந்தது. அம்மா தரையைப் பார்த்தபடி, "இப்ப அது என்கிட்ட இல்ல" என்றாள். நாற்பது வருஷமாக அந்தச் சபையில் கேட்ட சத்தம், லூவீனியா. நீ அதை அடைத்துவிட்டாய். வருஷா வருஷம் நடக்கும் ஆகஸ்ட் கூட்டத்துக்கு நீ வர வேண்டும். சபை முன்னால் நின்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி வருவேன் என்று சாக்குச் சொல்லாதே. நான் பார்த்துக்கொள்கிறேன் அவனை.

ஓஸெல்லா


சிகாகோ
20 ஜூன் 1948

அன்பான அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன். நானும் ராய்ஸும் இருக்கிறோம்.

உன் கோபம் நியாயம்தான். அன்று நான் பாடவேண்டியது வேறு பாட்டு. இரண்டு வாரம் பழகினது. மிஸ் லோகன் கையை நீட்டினாள், நான் முன்னால் வந்தேன், வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை, அக்கா. பியானோக்காரர் மறுபடி ஆரம்பித்தார். அப்போதும் வரவில்லை. அப்புறம் வாயை மூடினேன். மூடின வாய்க்குள்ளிருந்து அம்மாவின் பாட்டு வந்தது. நான் எடுக்கவில்லை. நிறுத்த முயற்சி பண்ணினேன், முடியவில்லை.

சபையில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். சபைக்கென்றே இருக்கும் வெள்ளை உடுப்புத் தாதிகள் விசிறியோடு ஓடினார்கள். வாரா வாரம் அதையே பாட வேண்டும் என்று கடிதங்கள் வருகின்றன. வார்த்தை போட்டு அச்சடிக்கலாம் என்கிறாள் மிஸ் லோகன். முடியாது என்று சொல்லிவிட்டேன். இனி அதை நான் தொடமாட்டேன். அம்மாவிடம் சொல், திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுவேன்.

நீ எஸ்ராவைப் பற்றி நிறையக் கேட்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இந்தத் தாளில் இடம் இல்லை.

லூவீனியா


பெரிஸ் மில்
5 ஜூலை 1948

லூவீ,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். கடைசி வரியை முடித்ததும் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "இடம் இல்லையாம்! பாதித் தாள் சும்மா கிடக்குது, பாரு!" என்று அவளிடம் காட்டினேன். அம்மா தாளை வாங்கி, அந்தக் காலியிடத்தில் கையை வைத்தாள். பிறகு, "ஓஸெல்லா, செருப்பப் போடு. வா" என்றாள்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அப்பாவின் குழி தாண்டி, வேலி ஓரம் ஒரு சின்னக் குழி இருக்குமே, மேலே உடைந்த கோப்பையும் சிப்பியும் பதித்தது? யாரோ தூரத்துச் சொந்தம் என்று நாம் நினைத்திருந்தோமே, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் வலியோடு, தரையில்.

"இது டோவி. உங்களுக்கு முன்னால பொறந்தவ. பல்லு முளைக்கிறதுக்குள்ள போயிட்டா."

நாற்பது வயதாகப்போகிறது எனக்கு, ஒரு அக்கா இருந்தாள் என்பதே தெரியாது.

"காலையில பொதச்சோம். களைக்கொத்து நேரம். மதியத்துக்கு நான் பருத்தி வரிசையில நிக்கணும்னு ஆள் வந்துச்சு. போனேன். அங்கதான் அந்தப் பாட்டு வந்தது." பிறகு என் கையைப் பிடித்தாள். "லூவீ அத ரேடியோல எடுத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ சொல்லட்டும்னு இருந்தேன். அவளால முடியல. நீ கேளு."

நான் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன், லூவீ. பிறந்தான் என்று எழுதியிருக்கிறாய். பெயர் வைத்தோம் என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறான் என்று ஒரு இடத்திலும் இல்லை. நான் மூக்கைக் கேட்டேன், பாலைக் கேட்டேன், போட்டோ கேட்டேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

தங்கம், எஸ்ரா எங்கே?

அக்கா


சிகாகோ
18 ஜூலை 1948

அக்கா,

அவன் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்தான். சீக்கிரம் வந்துவிட்டான், மூச்சு எட்டவில்லை. யார் மேலும் தப்பு இல்லை. மூக்கு நம் மூக்கு. அப்பாவுடையது. நீ கேட்டாய், இப்போதுதான் எழுத முடிகிறது.

ராய்ஸ் வேலை செய்யும் இடத்திலிருந்து பலகை கொண்டுவந்து பெட்டி செய்தார். நகரத்துக்கு வெளியே ரொம்ப தூரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். நம் ஊர் வழக்கப்படி நான் ஒரு கோப்பையை உடைத்து வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் காவல்காரர் குப்பை என்று எடுத்துப் போட்டிருந்தார். அவருக்கு என்ன தெரியும்? போர்வை அதற்கும் பிறகு வந்தது, கொண்டுவந்தவன் வாசலோடு போய்விட்டான். ராய்ஸ் அதைப் பிரிக்கவே விடவில்லை, அப்பாவின் சட்டையைப் பார்த்ததாக நான் எழுதினது பொய். கட்டோடு அலமாரி மேல் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். பேச்சு இல்லை. சபைக்கும் வருவதில்லை.

உங்களுக்கு எழுத நினைத்தேன். நீங்கள் அங்கே சந்தோஷமாகத் துணி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் எழுதாதவரை அந்த ஒரு வீட்டிலாவது அவன் இருப்பான் என்று தோன்றியது. அப்புறம் போதகர் மேடையில் பெயர் சொன்னார் என்று எழுதினாய். அதற்கு மேல் எப்படிச் சொல்வேன்?

எனக்கு அழுகை வரவில்லை, அக்கா. ஜெபமும் வரவில்லை. அந்த ஞாயிறு வரைக்கும். அந்தப் பாட்டு எதற்கு என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அம்மாவிடம் என்னை மன்னிக்கச் சொல்.

லூவீ


பெரிஸ் மில்
3 ஆகஸ்ட் 1948

லூவீ, அம்மா பேசுறேன். ஓஸெல்லாதான் எழுதுறா. நான் சொல்றத அப்படியே எழுதுடின்னு சொல்லியிருக்கேன், இல்லன்னா இவ அழகு பண்ணி வச்சிடுவா. (அப்படியேதான் எழுதுகிறேன். – ஓ.)

நாங்க சுகம். உன்னச் சுகமான்னு இப்ப கேக்கல.

மன்னிப்புன்னு ஒண்ணு நீ கேக்க வேணாம். ஆகஸ்ட் கூட்டத்துக்கு வர வேணாம். ராய்ஸத் தனியா விடாதே, அவனும் அப்பன்தான். என் பாட்ட நீ எடுத்துட்டேன்னு ஊரே பேசுது. உன் அக்காதான் அதுல முதல் ஆளு. (உண்மை. – ஓ.) எடுக்கல நீ. எனக்கு எப்படி வந்துச்சோ அப்படித்தான் உனக்கும் வந்துச்சு.

நான் ஏன் பாடலன்னா, அது கோவம் இல்லடி. டோவிய வச்சிட்டு வந்து வரிசையில நின்னேன். கங்காணி குதிரை மேல சுத்திக்கிட்டு இருந்தான். அழுதா வேலை நிக்கும், வேலை நின்னா அவன் இங்க வருவான். அதனால வாய மூடிக்கிட்டு முனகினேன். பக்கத்து வரிசையில ஐவரியோட அம்மா சூக்கி. அவ தலையக்கூட நிமிர்த்தல. மண்வெட்டிய நிறுத்தல. என் முனகல அப்படியே வாங்கி, கொஞ்சம் கீழ இறக்கித் திருப்பிக் குடுத்தா. அப்புறம் அவளுக்கு அடுத்த வரிசை. பொழுது சாயற வரைக்கும் எனக்குப் பதில் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தியும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஆனா நான் விழாம நின்னேன்.

நற்செய்தி, நற்செய்திங்கிறாங்களே, எனக்குத் தெரிஞ்ச நற்செய்தி அதுதான். நீ கூப்பிட்டா பக்கத்து வரிசையில ஒருத்தி இருக்கா.

நீ பாடினப்ப அந்த ரேடியோப் பொட்டிக்குள்ள எத்தனை பேரு ஆமென் சொன்னாங்க, கை தட்டுனாங்க. ஒருத்தியும் பதில் குடுக்கல. நான் இங்க வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். உனக்குப் பதில் குடுக்காம நான் என் சபையில அத எப்படி எடுப்பேன்?

செப்டம்பர் முதல் ஞாயிறு அத எடு. எதுக்கு எடுக்குறேன்னு உன் சபையில எல்லாருக்கும் சொல்லிட்டு எடு. அவன் பேரச் சொல்லு.

அம்மா


பெரிஸ் மில்
7 செப்டம்பர் 1948

என் தங்கச்சி லூவீக்கு,

ஞாயிறு மத்தியானமே அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டாள். சாயங்காலம்தானே என்றால் கேட்கவில்லை. எர்லீன் வீட்டில் நாற்காலியை ரேடியோவுக்கு நேராகப் போடச் சொல்லி உட்கார்ந்தாள்.

நீ எஸ்ராவின் பெயரைச் சொன்னது தெளிவாகக் கேட்டது. குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னாய். பிறகு எடுத்தாய். முதல் அடி முடிந்ததும் அம்மா கண்ணை மூடி, அதை வாங்கி, கொஞ்சம் கீழே இறக்கித் திருப்பிக் கொடுத்தாள். மூன்று மாதமாகக் கேட்காத சத்தம். எர்லீன் பொறுக்க முடியாமல், "டெம்பி அக்கா, பொட்டி பேசும், அதுக்குக் காது கேக்காது" என்றாள். அம்மா நிறுத்தவில்லை. நானும் சேர்ந்தேன், லூவீ. என் வாழ்நாளில் அதை நான் முனகியதில்லை. எர்லீனும் சேர்ந்தாள். கதவோரம் நின்ற டீக்கன் ஹபர்ட் தொப்பியைக் கழற்றினார்.

பாதியில் உன் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல் உனக்குப் பதில் கொடுத்ததே, அது யார்? தாளமே இல்லை, சுருதியும் இல்லை. யாரோ கிழவர் என்கிறாள் எர்லீன். அம்மா சொல்கிறாள், ராய்ஸ் என்று. எழுது.

திங்கட்கிழமை காலை மறுபடியும் சீடர் குரோவ் லாரி. அதே கறுப்பு உடுப்பு, பொரித்த கோழி, பன்றித் தொடை, ஐவரி அத்தையின் கேக். நான் வாசலுக்கு ஓடினேன். "மாமா, அம்மா நல்லாத்தான் இருக்காங்க!" என்று கத்தினேன்.

"தெரியும்டி" என்றார் ரூபன் மாமா. அம்மா முன்னால் வந்து நின்றார். "டெம்பி, போன தடவையும் நாங்க சாவு வீட்டுக்குத்தான் வந்திருக்கோம். யாருன்னுதான் தெரியாம போச்சு. சாப்பிட்டோம், ஆனா அந்தப் பையன் பேரச் சொல்லிச் சாப்பிடல."

அம்மா அப்போதுதான் அழுதாள். ஐவரி அத்தை அவளைப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தாள். எல்லோரும் உட்கார்ந்து எஸ்ராவின் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டோம். ஒரு நாள் இருந்தவனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைக்காதே. மூக்கைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்கள். சாயங்காலம் அம்மா தன் நல்ல கோப்பையை எடுத்துப் போய்க் கல்லில் தட்டி உடைத்து, டோவியின் பக்கத்தில் அவனுக்காகப் பதித்தாள். இங்கே அதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் தன் முறைக்கு வருவதாக டீக்கனிடம் சொல்லியிருக்கிறாள்.

ஐவரி அத்தையின் கேக்கில் பாதியை எண்ணெய்த்தாளில் சுற்றி இதோடு அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய சாப்பாடு. அங்கே யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். ராய்ஸுக்குப் பெரிய துண்டாகக் கொடு, எதிரில் உட்கார்ந்து நீயும் சாப்பிடு.

உங்கள் ஊரில் சீக்கிரமே குளிர் வந்துவிடும். அலமாரி மேலிருந்து போர்வையை எடுத்து, கட்டைப் பிரித்து, இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் அக்கா,
ஓஸெல்லா